நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அழுகை

எலிதா இறந்ததில் சமக்கைகள் கூட்டுறவுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. இறந்த வாரம்தான் சரியில்லை என்று அது அபிப்பிராயப்பட்டது.

செவ்வாய்க்கிழமை காலை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரப் போர்வையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். அடுப்பிலிருந்து காப்பியை இறக்கிவைத்துவிட்டு நிகனோர் வெளியே வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள். காப்பிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

அவர்கள் ஊரான அரோயோ மன்சோவில் யார் இறந்தாலும் ஒன்பது இரவு ஜெபம் உண்டு. கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதன் முன்னால் ஒரு மேசையில் சிலுவையும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று ஒரு தம்ளர் தண்ணீரும் இருக்கும். இதுதான் பீடம். ஒன்பதாம் இரவு முடிந்து விடிகிறபோது அந்தத் துணியை அவிழ்த்துப் பீடத்தை இறக்க வேண்டும். செத்தவருக்கு ரொம்ப நெருங்கியவர்தான் அதைச் செய்ய வேண்டும். செய்து, போய் வா என்று சொல்ல வேண்டும். அதுவரை ஆத்மா வீட்டுக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். நிகனோருக்கு இந்த உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒன்பது நாள் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், கடைசியில் அந்தத் துணியைத் தன் கையால் அவிழ்த்து அவளை அனுப்பிவைக்க வேண்டும். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

சமக்கைகள் கூட்டுறவு எள்ளு மிட்டாய் செய்கிறது. எள்ளை வறுத்து, கரும்பு வெல்லப் பாகும் தேங்காயும் சேர்த்து, வில்லை போட்டுக் கட்டுவார்கள். நிகனோர் எள் வறுப்பவன். முன்பெல்லாம் எள்ளைச் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரிகள் எடையிலேயே பாதியை விழுங்கிவிடுவார்கள். அது பொறுக்காமல் எலிதாவும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் மாமரத்தடியில் கூடி ஆரம்பித்ததுதான் இந்தக் கூட்டுறவு. அந்தக் காலத்தில் எல்லா முடிவும் கத்தி எடுத்த முடிவு. யார் கடைசிவரை கத்துகிறாரோ அவர் சொன்னபடி நடக்கும். பெரும்பாலும் அது எலிதாவாக இருந்தது. பிறகு நிதியுதவி வந்தது. நிதியுதவிக்குப் பின்னாலேயே தலைநகரத்திலிருந்து மாரித்சா வந்தார்.

மாரித்சா தலைவர் அல்ல. சமக்கைகளில் தலைவர் என்ற சொல்லே கிடையாது. அவர் 'உடன் நடப்பவர்'. எல்லோருடனும் ஜீப்பில் நடந்தார். அவரை டாக்டர் என்று அழைக்கக் கூடாது, தோழி என்றே அழைக்க வேண்டும் என்று டாக்டரே உத்தரவு போட்டிருந்தார். சம்பளம் என்று எதுவும் இல்லை, அது 'பகிர்வு'. யாரையும் வேலையை விட்டு நீக்குவதும் இல்லை. காற்று வாங்கிவிட்டு வரச்சொல்லி அன்போடு அனுப்புவார்கள். அப்படிப் போன இருவர் இன்னும் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மிட்டாய்ப் பொட்டலத்தில் 'மகிழ்ச்சியான கைகள் செய்தது' என்று அச்சடித்திருக்கும். ஹாலந்தில் அதைப் படித்துவிட்டு இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்களாம். கைகள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை அங்கிருந்து ஹன்னெக்கே என்று ஓர் அம்மையார் வருவார். இந்த வருஷம் அவர் வந்திறங்கப்போவது எலிதாவின் ஒன்பதாம் நாள்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே மாரித்சா வந்துவிட்டார். நிகனோரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நிகனோர், உங்க வலி என் வலி. அதனாலதான் உரிமையோட கேக்குறேன். இதை ஒரு பத்து நாள் தள்ளி வெச்சுக்கலாமா?"

"எதை டாக்டர்?"

"துக்கத்தை. சோதனை முடியட்டும். அப்புறம் நிதானமா, முழுசா, ஆசை தீர துக்கப்படுங்க. யாரும் கேக்க மாட்டோம்."

"அதுக்கு எலிதாவைத்தான் கேக்கணும். ஒன்பதாம் நாள் அவ கிளம்பிருவா. இருந்து போன்னு சொன்னா கேக்குற ஆளா அவ?"

"போன வருஷம் நம்ம சந்தோஷம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு," என்றார் மாரித்சா, மிகவும் மென்மையாக. "நீங்க அழுதா அது எள்ளுல ஏறாது, எனக்குத் தெரியும். ஆனா சராசரியில ஏறும். ஹாலந்துக்காரங்க ஆர்டரை நிறுத்திட்டா நாப்பத்து மூணு குடும்பம் தெருவுக்கு வந்துரும். தன் துக்கம்தான் பெருசுன்னு நினைக்கிறவர் இல்ல நீங்க."

நிகனோர் அப்படி நினைக்கிறவன் இல்லைதான். அன்பாகச் சொல்லப்படும் எதற்கும் என்ன பதில் சொல்வது என்று அவனுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. வீட்டில் அந்த வேலையெல்லாம் எலிதாவுடையது.

மறுநாள் வெல்லக் கொட்டகையில் பொதுக்கூட்டம். சமக்கைகளின் கூட்டத்தில் ஒரு சுரைக்குடுக்கை சுற்றிவரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். கைதட்டக் கூடாது. ஒருவர் தட்டல் மற்றவர் தட்டலைவிடச் சத்தமாகக் கேட்டால் அது சமத்துவக்குறைவு. பதிலுக்கு இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்ட வேண்டும். பாராட்டும் அதுதான், சம்மதமும் அதுதான்.

மாரித்சா குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"தோழர்களே, இங்க லாபம் யாருது? எல்லாருது. நஷ்டம் யாருது? எல்லாருது. அப்ப எலிதாங்கிற நஷ்டம் மட்டும் எப்படி ஒரே ஒருத்தரோடதாகும்? அத்தனை துக்கத்தையும் ஒரு தோழர் தன் வீட்டுலயே குவிச்சு வெச்சிருக்காரு. இதுக்கு நம்ம சட்டத்துல ஒரு பேர் இருக்கு. பதுக்கல். நான் குத்தம் சொல்லல, அவரு தெரியாமப் பண்றாரு. ஆனா பகிர்ந்து பாருங்க. நாப்பத்து மூணா பிரிச்சா ஒருத்தருக்கு என்ன வரும்? சின்ன வருத்தம். பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி. அவ்வளவு வருத்தத்தோட யாரு வேணாலும் சந்தோஷமா இருக்கலாம். சராசரிக்கு ஒண்ணும் ஆகாது."

குடுக்கை எலியேசரிடம் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நிகனோரின் மகளுக்கு ஞானத்தந்தை அவர். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பா என்று அழைத்துக்கொள்வார்கள். "அப்ப நம்ம கொம்பாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"எல்லாரையும் போல ஒரு பங்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

கணக்குக் குழுவைச் சேர்ந்தவர் குடுக்கையை வாங்கி, நிகனோர் கல்லறையில் அழுததைத் தாம் நேரில் பார்த்ததாகவும், தன் பங்கை அவன் அன்றைக்கே முடித்துவிட்டதோடு மற்றவர்கள் பங்கிலும் கைவைத்திருப்பதாகவும் வருத்தத்துடன் தெரிவித்தார். அதைத் திரும்ப வசூலிக்கப்போவதில்லை என்று மாரித்சா அறிவித்தார். விரல்கள் ஆடின.

எலிதாவோடு பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒல்மேதோ எழுந்தான். "எனக்கு எதுக்குப் பங்கு? எனக்கு அந்தம்மாவைப் பிடிக்காது. ஊருக்கே தெரியும்."

"அவங்க கட்டின மிட்டாயில லாபம் வந்தப்ப, பிடிக்காதுன்னு உங்க பங்கை வேண்டாம்னு சொன்னீங்களா தோழரே?"

ஒல்மேதோ உட்கார்ந்துவிட்டான்.

கடைசியாகக் குடுக்கை நிகனோரின் மடிக்கு வந்தது. அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எலிதா நஷ்டம் இல்லை என்று சொல்ல நினைத்தான். அவள் தலையணையில் இன்னும் அவள் தலைமுடி ஒட்டியிருக்கிறது, அதை நாற்பத்து மூன்றாகப் பிரிக்க முடியாது என்று சொல்ல நினைத்தான். வாயைத் திறக்கும் நேரம் பார்த்து இரண்டு குளவிகள் முகத்துக்கு நேராக வந்தன. வெல்லம் காய்ச்சும் இடத்தில் குளவிக்கு என்ன பஞ்சம். இரண்டு கைகளையும் தூக்கி அவன் விரட்டினான். கொட்டகை முழுக்க விரல்கள் தூக்கி ஆட்டப்பட்டன. தோழர் நிகனோரே முதலில் சம்மதித்ததைக் கண்டு மாரித்சாவின் கண்கள் கலங்கின.

ஆக, பகலெல்லாம் அவன் வறுசட்டியின் முன்னால் நின்றான். உதடுகளைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பீடத்தின் பக்கத்து நாற்காலிகளில் அன்று தங்கள் பங்கை அழ வேண்டிய முறைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவனை வாசலுக்கு அனுப்பினார்கள். அங்கே வழக்கம்போல் துக்கத்துக்கு வந்த ஆண்கள் டோமினோக் கட்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நிலைமை அவ்வளவு சுலபமாக இல்லை. பொட்டலம் கட்டும் பிரிவின் எவுஃபேமியா, பிறவியிலேயே அழக்கூடியவள், முதல் நாள் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். ஒரு தோழர் மற்றவர்களைவிடச் சிறப்பாக அழுவது சரியா என்று இதற்கென்றே அமைத்த துக்கக் குழு கூடி விவாதித்து, அவள் தன் திறமையை எல்லோருக்கும் கற்றுத்தர வேண்டும் என்று தீர்மானித்தது. அதன்பின் மதிய வேளைகளில் பொட்டலக் கூடத்திலிருந்து ஒரே சுதியில் ஒப்பாரி கேட்டது. ஒல்மேதோவுக்கு எவ்வளவு கற்றுத்தந்தும் கண்ணீர் வரவில்லை. தன் முறைக்கு ஒரு வெங்காயத்தை மறைத்து எடுத்து வந்தான். குழு அதைக் கைப்பற்றியது. ஏமாற்றினான் என்று யாரும் கோபப்படவில்லை. வெங்காயம் சந்தையில் வாங்கியது, ரசாயன உரம் போட்டு விளைந்தது; அதில் வந்த கண்ணீர் இயற்கைக் கண்ணீர் ஆகாது, ஆகவே அவன் பங்கை மறுபடி அழ வேண்டும் என்றார்கள்.

ஜெபம் சொல்லும் தோன்யா பெர்த்தாவிடமும் மாரித்சா பேசினார். எலிதா என்று பேர் சொல்லாமல் 'நம் தோழி' என்று சொல்ல வேண்டும், அவளைப் புகழ்ந்தால் நாளைக்குச் சாகப்போகிற தோழர்களுக்கும் அதே அளவு புகழ வேண்டிவரும் என்று விளக்கினார்.

"நான் செத்தவங்களுக்கு ஜெபம் சொல்றவ," என்றாள் தோன்யா பெர்த்தா. "சராசரிக்கெல்லாம் சொல்றதில்ல." ஆனால் அடுத்த நாளிலிருந்து அவளும் 'நம் தோழி' என்றுதான் சொன்னாள். அவள் பேரன் வெல்லக் கொட்டகையில் வேலை பார்க்கிறான்.

டோமினோ பலகையில் எலியேசர் ஒரு கட்டையை ஓங்கி அறைந்துவிட்டுக் கேட்டார்: "உன் வீட்டுல உனக்கு வெளியிலதான் இடமா கொம்பா?"

"என் முறை கல்லறையிலயே முடிஞ்சிருச்சாம்."

"எந்திரிச்சு உள்ள போய் உக்காருய்யா. எவன் தடுக்குறான்?"

"யாரும் தடுக்கல. எல்லாரும் அன்பாத்தான் சொல்றாங்க."

"அப்ப இந்தக் கூட்டுறவே வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு வா."

"எலிதா கட்டுனது அது," என்றான் நிகனோர். "அவளும் போயிட்டா. அதையும் விட்டுட்டா என்கிட்ட என்ன இருக்கு, சொல்லு."

எலியேசர் கட்டைகளைக் கலைத்தார்.

பீடத்தை யார் இறக்குவது என்பதை முடிவுசெய்யவும் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். பை நிறைய வெள்ளை எள். அதில் ஒரே ஒரு கறுப்பு எள். ஒவ்வொருவராகக் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுக்க வேண்டும். நிகனோர் எடுத்ததெல்லாம் வெள்ளை. கறுப்பு எள் ஒல்மேதோவின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒல்மேதோ தன் அதிர்ஷ்டத்தைச் சபித்தான்.

அன்றைக்கு நிகனோர் மாரித்சாவின் அறைக்குப் போனான். அவன் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டவன் இல்லை.

"தோழி, அழுகையை எல்லாரும் எடுத்துக்கட்டும். நான் கேக்கல. அந்தத் துணியை மட்டும் நான் அவிழ்க்கணும். அவ என் பொண்டாட்டி."

மாரித்சா அவனைப் பரிவோடு பார்த்தார். "என், என்... இந்தச் சொல்லாலதான் நிகனோர் இந்த நாடே நாசமாப் போச்சு. என் நிலம், என் ஆலை, என் பொண்டாட்டி. எலிதாவே இதை ஒத்துக்க மாட்டாங்க. இந்தக் கூட்டுறவுக்காக என் வாழ்க்கையை, என் படிப்பை, என் தலைநகர வீட்டை விட்டுட்டு வந்தவ நான். என் மனசு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கும் பையில கைவிட சம வாய்ப்பு இருந்துச்சு இல்லையா?"

இருந்தது, என்று நிகனோர் ஒப்புக்கொண்டான். போன வருஷம் மாரித்சாவின் நாய் செத்தபோது கொட்டகையை இரண்டு நாள் மூடினார்கள். அந்தத் துக்கம் பங்கிடப்படவில்லை, ஏனென்றால் நாய் உறுப்பினர் இல்லை. அவன் வெளியே வந்து ஜீப்பின் நிழலில் கொஞ்ச நேரம் நின்றான். அழலாம் என்றால், அது யாருடைய பங்கு என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. அந்த யோசனைதான் அவனைப் பயமுறுத்தியது.

ஒன்பதாம் இரவு விடியும் நேரம் ஹன்னெக்கே அம்மையார் வந்து கூடத்தில் அமர்ந்தார். நாற்பத்து மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். நிகனோருக்குக் கிடைத்த இடம் சுவரோரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். ஜெபம் முடிந்ததும் ஒல்மேதோ வெள்ளைத் துணியை அவிழ்த்தான். ஒத்திகை பார்த்தபடி எல்லோரும் ஒரே குரலில், "தோழி, நாங்கள் உன்னை அனுப்பிவைக்கிறோம்," என்றார்கள். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. நிகனோர் அந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹன்னெக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ நாடுகள் பார்த்திருக்கிறேன், ஒரு மரணத்தை இத்தனை பேர் தங்களுடையதாக எடுத்துக்கொண்டதை எங்கும் பார்த்ததில்லை என்றார். மாரித்சா மொழிபெயர்த்தார். பிறகு அம்மையார் ஒன்று கேட்டார். மாரித்சா அதையும் மொழிபெயர்த்தார்.

"இறந்தவங்களோட கணவர் யாருன்னு கேக்குறாங்க. அவரு கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லணுமாம்." பிறகு அவரே பெருமையோடு பதிலும் சொன்னார்: "இங்க நாங்க எல்லாருமேதான் கணவர், அம்மா."

கைகள் உயர்ந்தன. எவுஃபேமியாவின் கை, கணக்குக் குழுக்காரரின் கை, தயங்கித் தயங்கி எலியேசரின் கை, தோன்யா பெர்த்தாவின் பேரனுடைய கை. ஹன்னெக்கே சோதனைக்காரர் அல்லவா, பழக்கதோஷத்தில் எண்ணிவிட்டார். நாற்பத்திரண்டு.

"சுவரோரம் ஒருத்தர் நிக்கிறாரே," என்று அவர் கேட்டதாக மாரித்சா சொன்னார். "கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. அவரு யாரு?"

மாரித்சா குரலைத் தாழ்த்தி ஏதோ விளக்கினார். கொஞ்சம் பின்தங்கியவர், இப்போதுதான் கூட்டு உணர்வுக்குப் பழகிவருகிறார் என்பதுபோல இருந்தது.

சமக்கைகளுக்கு அந்த வருஷம் தொண்ணூற்றேழு கிடைத்தது. ஒரே ஒரு குறிப்பு: ஓர் உறுப்பினர் சமூகத்தின் துக்கத்தில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நிற்கிறார், சரிசெய்யப்பட வேண்டும். பொதுக்கூட்டத்தில் இதைப் படித்தபோது யாரும் நிகனோரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவனுக்குத் துக்கப் பயிற்சி தருவதென்று தீர்மானமாயிற்று. எலிதாவின் விஷயத்தில் பொறுப்பான அனுபவம் உள்ளவர் என்ற முறையில் பயிற்சியாளர் ஒல்மேதோ.

ஒல்மேதோ வந்து வாசலிலேயே நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"உள்ள வா," என்றான் நிகனோர். "ஆரம்பி."

"என்னத்த ஆரம்பிக்க? எனக்கே அழத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." ஒல்மேதோ உள்ளே வந்து ஆணிகளைப் பார்த்தான். "அந்தம்மா ஒரு ராட்சசி. நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். என் எள்ளு மூட்டையில மணல் இருக்குன்னு அத்தனை பேர் முன்னாடி என் தலையிலயே கொட்டுனா."

"மணல் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்குன்னு தலையிலயா கொட்டுவாங்க? அதுலயும் பாட்டு வேற. மிட்டாய் கட்டுறப்ப பாடிக்கிட்டே இருப்பா. ஒரு பாட்டு, ஒரு வரி சுதியில இருக்காது. எனக்குக் காது வலிக்கும்."

"எனக்கு முப்பத்தோரு வருஷம் வலிச்சுது," என்றான் நிகனோர். சொல்லும்போதே குரல் உடைந்தது. இத்தனை நாளில் எலிதாவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தோழியைப் பற்றிப் பேசினார்கள், நஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அவன் வீட்டில் அபசுரமாகப் பாடிக்கொண்டு திரிந்தவளைப் பற்றி இவன் ஒருவன்தான் பேசினான்.

ஒல்மேதோ தொப்பியைச் சுழற்றினான். "ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு நான்தானே துணியை அவிழ்த்தேன். நான் போகச் சொன்னா அவ போவாளா? நான் சொன்னதை அவ என்னிக்குக் கேட்டா? சத்தியமா இன்னும் இங்கதான் இருக்கா. என்மேல கோவமா."

நிகனோர் அவனைப் பார்த்தான். பெட்டியைத் திறந்து, மடித்துவைத்த வெள்ளைத் துணியை எடுத்தான். ஒரு முனையை ஒல்மேதோ பிடிக்க, இரண்டு முனைகளையும் அவன் ஆணிகளில் கட்டினான். பிறகு ஒல்மேதோ வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

நிகனோர் முடிச்சில் கைவைத்தான். போ என்று சொல்ல வாய் வரவில்லை. முதலில் ஏன் காப்பி குடிக்காமல் போனாய் என்று கேட்டான். கேட்டவுடன் அழுகை வந்தது. அவன் இதுவரை தன் வாயிலிருந்து கேட்டே இராத, அசிங்கமான, பெரிய அழுகை. அதற்கு நடுவே முடிச்சுகளை அவிழ்த்தான். துணி அவன் தோள்மேல் விழுந்தது. போய் வா எலிதா, என்றான்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"என்ன தோழரே, இவ்வளவு சத்தம்?" என்றது மாரித்சாவின் குரல்.

"பயிற்சி நடக்குது தோழி."

"பங்குக்கு மேல போகுதே."

"ஆள் புதுசு," என்றான் ஒல்மேதோ. "இன்னும் அளவு தெரியல."

கதவு லேசாக அதிர்ந்தது. ஒல்மேதோ அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்போல.